கேட்டியா அண்ணனும் ஃபெயிலான நாங்களும்

ஒரு தடவை ஆகாயத்தில் பறப்பதற்கு முன்பே ஆயிரம் தடவைக்கு மேல் விமான இருக்கையில் ஏறி இறங்கிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரை எனக்குத் தெரியும். அவரிடம் நான் ஃபெயிலும் ஆகியிருக்கிறேன்.

பாயான் லெப்பாஸில் விமான நிலையத்தை ஒட்டி ஒரு கிடங்கு, அதன் மாடியில், பயணிகளை ஏற்றி இறக்கும் எங்கள் கம்பெனியின் பயிற்சி அறை. பழைய விமானம் ஒன்றிலிருந்து கழற்றிய ஒன்பது இருக்கைகளை மூன்று வரிசையாகத் தரையில் முடுக்கி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்கு வழி. ஜன்னல் கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் சுவரில் மேகப் படம் போட்ட காகிதத்தை ஒட்டியிருந்தார், அதுவும் தலைகீழாக. நடக்க முடியாத பயணியைச் சக்கர நாற்காலியிலிருந்து ஒல்லியான இன்னொரு நாற்காலிக்கு மாற்றி, அந்தக் குறுகலான வழியில் தள்ளிப் போய், இருக்கையில் உட்கார வைப்பது எப்படி என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அங்கேதான் சொல்லிக்கொடுப்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் லிம் சார். தூக்கப்படுபவர், நிஜமாகவே நடக்க முடியாத கேட்டியா அண்ணன்.

மாற்றுத்திறனாளிகளுக்கு எப்படி உதவுவது என்று பாடம் நடத்தும் அந்த அறைக்கு ஏறிப் போகப் படிக்கட்டு மட்டும்தான் இருந்தது. அண்ணன் சரக்கு லிஃப்டில், பெட்டிகளோடு பெட்டியாக வருவார். லிஃப்ட் கதவு திறந்ததும், "லிம் சார், சரக்கு வந்துருச்சுலா! கையெழுத்து போட்டு எடுத்துக்குங்க!" என்று குரல் கேட்கும். எங்கள் வகுப்பு அப்படித்தான் தொடங்கும்.

பெயர் வந்த கதை என் கண் முன்னால் நடந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். நான் அவருக்குப் பின்னால் நின்று அக்குள் வழியாகக் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். என் கூடச் சேர்ந்த ஹாஃபிஸ் என்ற பையன் முழங்காலுக்கு அடியில் பிடித்தான். மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணித் தூக்க வேண்டும். "சத்து, டுவா..." என்று ஆரம்பித்தோம்.

"கேட்டியா?"

கிடங்கே அதிர்ந்தது. நான் பயந்துபோய்க் கையை விட்டுவிட்டேன்.

"என்னாண்ணே கேக்கணும்?"

"தூக்கவான்னு கேட்டியா? எங்க வலிக்குதுன்னு கேட்டியா? எந்தப் பக்கம் புடிக்கணும்னு கேட்டியா? நீ பாட்டுக்கு சத்து டுவாங்கிற. நான் என்ன அரிசி மூட்டையா?"

ஹாஃபிஸுக்குத் தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. அவன் சின்ன நோட்டு ஒன்றை எடுத்து, எண்ணுவதற்கு முன்னால் சொல்ல வேண்டிய பாதுகாப்பு வார்த்தை என்று நினைத்து 'கேட்டியா' என்று எழுதிக்கொண்டான். ஒரு மாதத்தில் எங்கள் பிரிவில் இருந்த மலாய்க்காரர், சீனர் எல்லோருக்கும் அந்த ஒரு தமிழ் வார்த்தை மனப்பாடம். லிம் சார் அதை வீட்டில் தன் மனைவியிடம்கூடப் பயன்படுத்திப் பார்த்ததாகச் சொன்னார். விளைவு என்ன என்று சொல்லவில்லை.

அண்ணன் தினமும் ஒரே ஆளாக வரமாட்டார். ஒரு நாள் காது கேளாதவராக வந்தார். நான் கண்ணைப் பார்த்துப் பேசாமல், அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "அண்ணே, தூக்கட்டுமா?" என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கேட்டேன். பதில் இல்லை. உயிரைக் கொடுத்துக் கத்தினேன். கீழே கேட்டில் இருந்த காவலாளி தீயணைப்பான் உருளையோடு ஓடி வந்துவிட்டார். அண்ணன் நிதானமாக ஒரு தாள் வாங்கி எழுதினார்: 'காது கேக்காதவன்கிட்ட கத்தினா காது வந்துருமா? முன்னால வா. முகத்தைக் காட்டு. வாயை ஒழுங்கா அசை.' அன்றைக்கு மத்தியானம் கேன்டீனிலும் அவர் பேசவே இல்லை. நாசி லெமாக் வேண்டுமா மீ கோரெங் வேண்டுமா என்பதை எழுதிக் காட்டித்தான் வாங்கிச் சாப்பிட்டார்.

இன்னொரு நாள் கறுப்புக் கண்ணாடி. ஹாஃபிஸ் பணிவாக, "அங்கிள், உங்க சீட் அங்க இருக்கு" என்று மலாயில் சொல்லிக் கையையும் நீட்டிக் காட்டினான். "அங்கன்னா எங்க? தைப்பிங்கிலயா?" என்று கேட்டார் அண்ணன். பாவம், அவன் இன்னும் நன்றாகக் கையை நீட்டிக் காட்டினான்.

எல்லாவற்றுக்கும் சிகரம், தரையில் படுத்த நாள். ஒரு கோஷ்டி கேட்காமல் தூக்க, அவர் உடம்பைத் தளர்த்தி அப்படியே வழுக்கி இறங்கித் தரையில் மல்லாந்துவிட்டார். "இப்ப என்னா செய்வீங்க?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார். பிள்ளைகள் வரிசையாக நின்று சாரி சொன்னார்கள். மூன்று மொழியில் சொன்னார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே சொன்னாள். அண்ணன் அசையவில்லை. மத்தியான இடைவேளை வந்து போனது. லிம் சார் அவர் பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். கடைசியில் அந்த அழுத பெண்தான், "அங்கிள், உங்களத் தூக்கலாமா?" என்று கேட்டாள். "இதத்தானேம்மா ஒரு மணி நேரமா எதிர்பாக்குறேன். முதுகு சில்லுன்னு ஆயிருச்சு" என்றார்.

பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு தாள் கொடுப்பார்கள். அதன் அடியில் பயிற்சிப் பயணியின் கருத்து என்று இரண்டு கட்டங்கள். ஒன்று லுலுஸ், அதாவது பாஸ். இன்னொன்று காகால், அதாவது ஃபெயில். அது ஒரு மரியாதைக்காக லிம் சார் வைத்த கட்டம். கையெழுத்துப் போட்டு எங்களை வேலைக்கு அனுப்புவது அவர்தான். ஆனால் அண்ணன் அந்தக் கட்டத்தை அரசாங்கப் பரீட்சை போல எடுத்துக்கொண்டார். அவர் அங்கே இருந்த இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் லுலுஸ் போட்டதில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் அவரிடம் காகால் வாங்கிக்கொண்டுதான் விமானத்தடிக்குப் போனோம்.

"ஏண்ணே, நீங்க மட்டும் ஒரு நாளும் பறக்க மாட்டேங்கிறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"உங்கள்ல ஒருத்தராச்சும் லுலுஸ் ஆவுங்க. அன்னிக்கி ஏறுறேன்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அவர் மனைவி ஃபிலோமினா அக்காவை முதலில் பார்த்தது ஜெலுத்தோங் பாசார் சந்தையில். அவர்கள் வீடு அங்கே ஒரு பழைய அடுக்குமாடியில். அக்கா நாற்காலியைத் தள்ள, அண்ணன் மடியில் கூடையை வைத்துக்கொண்டு மீன் கடை முன்னால் நின்றார். மீன்காரர் அண்ணனின் தலைக்கு மேலே பார்த்து, "அவருக்கு கெம்போங் மீன் புடிக்குமாக்கா?" என்று கேட்டார். அக்கா அலுப்பே இல்லாமல், "அவருகிட்டயே கேளுங்க" என்றார். பக்கத்துக் காய்க்கடையிலும் அதே கேள்வி, அதே பதில். கோப்பிக் கடையில் பரிமாறுகிற பெண், "அங்கிளுக்கு சீனி போடலாமா?" என்று அக்காவிடம் கேட்டாள். "அவருகிட்டயே கேளும்மா." நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு நாற்காலிக்குப் பின்னால் நிற்பவரிடம் பேசுவது எங்கள் ஊரில் ஒரு பழக்கம். இருபது வருஷமாக அக்கா நாளைக்குப் பத்துத் தடவை அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்.

அண்ணன் கோழிக் கடைக்காரரோடு சண்டை போட நகர்ந்த நேரத்தில் அக்கா என்னிடம் சொன்னார்.

"லுலுஸ் கிலுஸ் எல்லாம் சும்மா பேச்சும்மா. அந்த மனுசனுக்குப் பயம். புக்கிட் தெங்கா ஃபேக்டரில மேலேருந்து விழுந்தாருல்ல, விழுந்தப்ப கால் ரெண்டும் ஆடிச்சாம். தூக்காதீங்க, தூக்காதீங்கன்னு கத்தியிருக்காரு. கூட வேல செஞ்சவங்க நல்லதுக்குன்னுதான் அவசர அவசரமா தூக்கி லாரில போட்டாங்க. அதுக்கப்புறம் கால் ஆடல." அக்கா கூடையிலிருந்த கீரையை அடுக்கி வைத்தார். "அங்க ஏர்போர்ட்டுல தெரிஞ்ச புள்ளைங்க தூக்குதுங்க, சரி. வேற ஊருல யாரு தூக்குவா, எப்படித் தூக்குவான்னு நெனச்சாலே அன்னிக்கு சோறு இறங்காது."

நான் அன்றைக்கு வாங்க வந்த கத்திரிக்காயை வாங்காமலே வீட்டுக்குப் போனேன்.

அவர்களின் ஒரே மகள் கடல் தாண்டி, விமானத்தில் போக வேண்டிய கோத்தா கினபாலுவில் ஆசிரியை. அவளுக்குப் பிரசவம் வந்தது. அக்கா மூன்று மாதம் இருந்துவிட்டு வரப் புறப்பட்டார். அண்ணன் போகவில்லை. வழியனுப்ப விமான நிலையம் வரை வந்தார். "வாங்களேன், நான் கூட இருக்கேன்ல" என்று அக்கா கடைசி நேரத்திலும் கூப்பிட்டுப் பார்த்தார். "இந்தா நிக்கிறாளே, இவளே இன்னும் காகால்தான்" என்று என்னைக் காட்டினார் அண்ணன். அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அண்ணன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், விமானம் கிளம்பிப் போன பிறகும் ரொம்ப நேரம் நாற்காலியைத் திருப்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம். வெளியே கொட்டுகிற மழை, விடாமல் இடி. மின்னல் எச்சரிக்கை கொடுத்தால் விமானத்தடியில் யாரும் நிற்கக் கூடாது, எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும். எங்கள் கவுன்டரில் பயணிகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜெலுத்தோங் பக்கத்து வீட்டுக்காரர் அண்ணனைத் தள்ளிக்கொண்டு வந்தார். அண்ணன் சட்டையில் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"அக்கா அங்க விழுந்துட்டாங்களாம். மூளைல ரத்தக் கசிவாம். மக ஃபோன் பண்ணுச்சு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "டாக்டர் சீக்கிரம் வரச் சொல்லிட்டாங்க."

நான் அவசரமாகச் சீட்டை அடித்தேன். "அண்ணன் மருந்தெல்லாம் எடுத்துக்கிட்டாரா?" என்று கேட்டேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் கேட்டேன். அண்ணன் எனக்கு முன்னால், கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மழை கொஞ்சம் விட்டது. விமானம் நின்ற இடத்தில் உள்ளே நடந்தே ஏறிவிடும் பாலம் இல்லை, படிக்கட்டுதான். நாற்காலியோடு ஆளை மேலே ஏற்றுகிற வண்டி, இடி நேரத்தில் தேங்கிப் போன இன்னொரு விமானத்துக்குப் போயிருந்தது. அது வரும் வரை காத்திருந்தால் இந்த விமானம் கிளம்பிவிடும். கோத்தா கினபாலுவுக்கு அன்றைக்கு இது கடைசி விமானம். மேலே கதவருகே நின்ற பணிப்பெண் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள்.

"தூக்கிருவோம்" என்றேன் ஹாஃபிஸிடம். இன்னும் இரண்டு பையன்கள் ஓடி வந்தார்கள். தூறலில் நான் பின்னால் நின்று அண்ணனைப் பிடித்தேன். ஹாஃபிஸ் முழங்காலைப் பிடித்தான். சத்து, டுவா, தீகா. ஒல்லி நாற்காலிக்கு மாற்றி, வார்களைக் கட்டி, நான்கு பேராகப் படியேறினோம். ஒவ்வொரு படிக்கும் அவர் உடம்பு விறைப்பதும் தளர்வதும் என் கையில் தெரிந்தது. கண்களை இறுக்க மூடிக்கொண்டு, சட்டைப் பைக்குள் இருந்த ஜெபமாலையைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார வைத்து பெல்ட் போட்டேன். லிம் சார் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார், அவ்வளவு சுத்தமான வேலை.

"தேங்க்ஸ் தங்கச்சி" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

விமானம் நகர்ந்தது. நாங்கள் நான்கு பேரும் நனைந்துபோய்க் கீழே நின்றோம். ஹாஃபிஸ் என் பக்கம் திரும்பினான். மலாயில் அக்கா என்று கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையை மெதுவாகச் சொன்னான்.

"காக்... கேட்டியா?"

நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

ஃபிலோமினா அக்கா மறுநாள் விடியற்காலை இறந்துபோனார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். அண்ணன் நாற்பதாம் நாள் பூசையை முடித்துக்கொண்டு திரும்பினார். அவர் வந்த அன்று எனக்கு விடுமுறை. யார் இறக்கினார்கள், கேட்டுத்தான் இறக்கினார்களா என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் எனக்கு வருஷாந்தர மறுபயிற்சி, புதிதாகச் சேர்ந்த பதினோரு பேரோடு. சரக்கு லிஃப்ட் கதவு திறந்தது. குரல் ஒன்றும் வரவில்லை. அண்ணன் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து, "வணக்கம் சார்" என்றார். லிம் சார் கையில் இருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

அன்றைக்கு வந்திருந்த புதுப் பிள்ளைகளைப் போல மோசமான கோஷ்டியை நான் பார்த்ததில்லை. ஒருவன் பெல்ட்டை அண்ணனை விட்டுவிட்டுக் கைப்பிடியைச் சேர்த்துக் கட்டினான். ஒருத்தி பிரேக் போடாமல் நாற்காலியை விட, அண்ணன் தானாக உருண்டு போய் மேகச் சுவரில் முட்டி நின்றார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, தூக்கினார்கள், இறக்கினார்கள். அண்ணன் தூக்கிய பக்கம் போனார், இறக்கிய இடத்தில் இருந்தார். கடைசியில் பன்னிரண்டு தாள்களை வாங்கி, பன்னிரண்டிலும் லுலுஸ் போட்டுக் கொடுத்தார்.

லிம் சார் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். "இவருக்கு என்ன ஆச்சு? கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" என்றார். பன்னிரண்டாவது தாள் என்னுடையது.

கேன்டீனில் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். பால் ஊற்றாத கோப்பி ஓ தொடாமலே ஆறிப்போயிருந்தது. நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து தாளை மேசையில் வைத்தேன்.

"அண்ணே, எனக்கு காகால் போடுங்க."

"எதுக்கு?"

"அன்னிக்கு ஏத்தினப்ப நான் கேக்கல. மருந்து விசயம்கூட பக்கத்து வீட்டு அண்ணன்கிட்டதான் கேட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏண்ணே சத்தம் போடல?"

அவர் கோப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சத்தம் போட்டா நீ நின்னுருவ. சாரி சொல்லுவ. எங்க வலிக்குது, எப்படிப் புடிக்கணும்னு எல்லாத்தையும் கேப்ப. நீ கேப்பன்னு தெரியும்லா, நான்தானே சொல்லிக் குடுத்தேன். அதுக்கு ரெண்டு நிமிசம் ஆவும். அன்னிக்கு என்கிட்ட அந்த ரெண்டு நிமிசம் இல்ல."

நான் தாளின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தேன்.

"போய்ச் சேந்தேன். ஆஸ்பத்திரில அந்த ரூம் வாசல்ல நிக்கிறேன். மக பின்னால நின்னு தள்ளுது. நர்ஸு வந்து என் தலைக்கு மேல மகளப் பாத்து, 'அவர் உள்ள வரணுமா'ன்னு கேக்குது." அண்ணன் கோப்பியைத் தள்ளி வைத்தார். "அவருகிட்டயே கேளுங்கன்னு சொல்ற ஆளு உள்ள படுத்திருக்கு."

கேன்டீனில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

"நான் முன்னமே அவகூட ஏறியிருக்கணும் தங்கச்சி" என்றார். "உங்களுக்கெல்லாம் காகால் போட்டுட்டு இங்கயே உக்காந்துட்டேன்."

நான் தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன். "எனக்கு லுலுஸ் வேணாண்ணே. நெசமாவே தப்பு செஞ்சேன். நீங்களும் விட்டுட்டா யாரு கேப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பழக்கமான அந்தப் பழைய பார்வை, நாற்பது நாளுக்கு அப்புறம்.

"என் பேனாவ எடுக்கலாமான்னு கேட்டியா?"

நான் ஏற்கெனவே அவர் பேனாவைப் பையிலிருந்து உருவி மேசையில் வைத்திருந்தேன். கேட்கவில்லைதான்.

"இல்லண்ணே."

"அதுக்கு ஒரு காகால்" என்று லுலுஸை அடித்துவிட்டு, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அந்தக் கட்டத்தில் கோடு போட்டார். "அன்னிக்கு செஞ்சதுக்கு ஒண்ணு. மொத்தம் ரெண்டு. அடுத்த வருசம் வா." பிறகு லிம் சாரைக் கூப்பிட்டு, மற்ற பதினோரு தாள்களையும் திருப்பி வாங்கினார். அந்தப் பிள்ளைகள் மத்தியானத்துக்கு மேல் பட்ட பாட்டை இங்கே எழுத இடம் போதாது.

அதற்கு அப்புறம் மூன்று மறுபயிற்சி முடிந்துவிட்டது. மூன்றிலும் நான் காகால். அந்தத் தாள்களை வேலையிட அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அண்ணன் ஜெலுத்தோங் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். பாசாருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தள்ளிப் போகிறார். மீன்காரர் தலைக்கு மேலே பார்த்துக் கேட்டால் இப்போது அண்ணனே பதில் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேரன் நடக்க ஆரம்பித்து, ஓடவும் ஆரம்பித்துவிட்டான். எங்களோடு வந்து இருங்கள் என்று மகள் வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள். "இன்னும் ஒருத்தரும் லுலுஸ் ஆகலம்மா" என்று சொல்லி ஃபோனை வைத்துவிடுகிறார்.

போன மாதம் ஹாஃபிஸ் அவரைத் தூக்கும் முறை. முன்னால் போய் மண்டியிட்டு, முகத்தைப் பார்த்து, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டான். அண்ணன் பேனாவை எடுத்து ரொம்ப நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த வாரம் சொல்கிறேன் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரம் இன்னும் வரவில்லை. ஆனால் வந்துவிடும் என்று எனக்குத் தெரிகிறது. பேரன் அங்கே வளர்கிறான், அவர் போகத்தான் வேண்டும்.

அன்றைக்கு எனக்கு விடுமுறையாக இருந்தாலும் நான்தான் ஏற்றுவேன். விமானமே காத்திருந்தாலும் பரவாயில்லை, அவருக்கு முன்னால் மண்டியிட்டு, முகத்தைப் பார்த்து, "அண்ணே, தூக்கட்டுமா?" என்று கேட்பேன். வேண்டாம், இங்கேயே இருந்துக்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.